கூலிங் கிளாஸ் கேள்விகள்: கறுப்பாக இருந்தால் போதுமா?

வெயில் ஏற ஆரம்பித்ததும் ஆண்களுக்கான கூலிங் கிளாஸ் பற்றி வந்த கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் தள்ளிவிட்டார். நான் பெங்களூரு அல்சூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. கண்ணில் கோளாறு என்றால் டாக்டரிடம் போங்கள், கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. அங்கே தினமும் கூலிங் கிளாஸ் போட்டவன். "இந்த ஊர் கிளைமேட்டுக்கு எதுக்குப்பா இது, சீன் போடறியா" என்று ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள். கழற்றி வைத்துவிடலாமா?
*வாசகர், ஜே.பி. நகர்*

வைக்காதீர்கள். தப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. யாரோ ஒருவர் "கூலிங்" என்று பெயர் வைத்துவிட்டார், நாமும் அதைத் தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய் மாதிரி கண்ணைக் குளிர வைக்கிற சாமான் என்று நம்பிவிட்டோம். வெயிலின் சூடு வேறு, வெயிலில் வருகிற புற ஊதாக் கதிர் வேறு. கடையில் அதை யூவி என்போம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சூடு தோலில் தெரியும், யூவி தெரியாது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 1000 மீட்டர் கூடினால் யூவி ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். அதனால்தான் காற்று ஜிலுஜிலு என்று இருக்கிற நாளிலும் இங்கே மேலே இருந்து இறங்குவது சென்னைக்குக் குறைந்ததில்லை. மார்ச், ஏப்ரல் மத்தியானத்தில் யூவி அளவுகோல் 11ஐத் தாண்டும், அதற்கு மேல் "அதீதம்" என்றுதான் வகை. மேகம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், மெல்லிய மேகம் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், யூவியில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

இது நாளைக்கே கண்ணைக் கெடுக்கிற சமாசாரம் இல்லை, பயப்படாதீர்கள். இருபது முப்பது வருஷக் கணக்கு. கண்புரை சீக்கிரம் வருவதற்கும், கருவிழியின் ஓரத்தில் முக்கோணமாகச் சதை வளருவதற்கும் யூவி ஒரு காரணம். வெயிலிலேயே வேலை பார்க்கிற கட்டடத் தொழிலாளர்கள், கூரியர் பையன்கள் கண்ணில் அந்தச் சதையை நான் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். கிண்டல் செய்கிற நண்பரிடம் சீன்தான் போடுகிறேன் என்றே சொல்லிவிடுங்கள், விளக்கம் சொன்னால் இன்னும் கிண்டல் செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் மெஜஸ்டிக் பக்கம் ரோட்டோரத்தில் 200 ரூபாய்க் கண்ணாடியாக மாசம் ஒன்று வாங்குகிறார். "நல்லா கறுப்பா இருக்கு, வெயிலே தெரியல" என்கிறார். மலிவுக் கண்ணாடி கண்ணைக் கெடுக்கும் என்று என் தம்பி சொல்கிறான். யார் சொல்வது சரி?
*வாசகி, ஸ்ரீராமபுரம்*

இரண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு. உங்கள் வீட்டுக்காரர் தப்பு எது என்றால், அந்த "நல்லா கறுப்பா இருக்கு". கறுப்பு என்பது சாயம், யூவியைத் தடுப்பது வேறு வேலை. சாயமே இல்லாத, வெள்ளையாகத் தெரிகிற லென்ஸ் யூவியை முழுக்கத் தடுக்கலாம். மை மாதிரி கறுத்த லென்ஸ் அதை வழிய விடலாம். அப்படி வழிய விடுகிற கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசமாகவும் ஆகலாம். இருட்டாக இருக்கிறது என்று கண்மணி விரியும், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதையும் நிறுத்திவிடுவோம், திறந்த கதவு வழியாக யூவி தாராளமாக உள்ளே போகும்.

உங்கள் தம்பி தப்பு எது என்றால், மலிவு என்றாலே விஷம் என்பது. ரோட்டோரக் கண்ணாடி பலவற்றில் லென்ஸ் பாலிகார்பனேட், அந்த பிளாஸ்டிக்குக்கு யூவியில் பெரும்பகுதியைத் தானாகவே விழுங்குகிற குணம் உண்டு. சிலது வேறு ஏதோ பிளாஸ்டிக், சிலது வெறும் கண்ணாடித் துண்டு. மேலே "யூவி 400" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அந்த ஸ்டிக்கரை ரோல் ரோலாக யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 400 என்பது 400 நானோமீட்டர் அலைநீளம் வரைக்கும் தடுக்கும் என்ற கணக்கு, யூவி அங்கேதான் முடிகிறது. ஸ்டிக்கர் சொல்வது நிஜமா என்று பார்க்க என் கடையில் ஒரு மெஷின் இருக்கிறது, பெரிய கண்ணாடிக் கடைகள் பலவற்றிலும் இருக்கும், கேட்டால் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள்.

வீட்டில் பார்க்க ஒரு வழி. கள்ள நோட்டு பார்க்கிற சின்ன யூவி டார்ச் ஒன்று வாங்குங்கள், 365 நானோமீட்டர் என்று போட்டது நல்லது, 395 போட்டது கண்ணுக்குத் தெரிகிற ஊதா வெளிச்சத்தையும் சேர்த்து அடித்துக் குழப்பும். இருட்டு அறையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டின் மேல் அடியுங்கள். நம்பர் அச்சடித்த இடம் பளிச்சென்று ஒளிரும், அங்கங்கே மயிரிழை மாதிரி சின்னச் சின்ன நார்களும் மின்னும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே கூலிங் கிளாஸைப் பிடியுங்கள். நம்பர் அணைந்துபோனால் லென்ஸ் வேலை செய்கிறது. அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தால் அதை உங்கள் வீட்டுக்காரர் மூக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். டார்ச்சை மட்டும் யார் கண்ணிலும் அடிக்க வேண்டாம்.

அப்புறம், யூவி சோதனையில் பாஸ் ஆனாலும் மலிவுக் கண்ணாடிக்கு இன்னொரு வியாதி உண்டு, லென்ஸ் நெளிவாக இருக்கும். கண்ணாடியைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கம்பி நேராகவே நின்றால் சரி. பாம்பு மாதிரி வளைந்து நெளிந்தால், சாயங்காலம் அவருக்கு வருகிற தலைவலிக்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

வீடு அல்சூர், ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு, பைக்கில் போகிறேன். காலையிலும் சாயங்காலமும் கண் கூசிச் செத்துப்போகிறேன். எந்த மாதிரி வாங்கலாம்?
*வாசகர், அல்சூர்*

தம்பி, உங்கள் ஜாதகம் அப்படி. காலையில் கிழக்கே போகிறீர்கள், சூரியன் எதிரே. சாயங்காலம் மேற்கே திரும்புகிறீர்கள், மறுபடி சூரியன் எதிரே. ஒயிட்ஃபீல்டில் வீடு எடுத்து அல்சூரில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு நேரமும் சூரியன் முதுகில். அல்சூரிலிருந்தே ஒயிட்ஃபீல்டுக்குப் பர்ப்பிள் லைன் மெட்ரோ போகிறது என்று சொன்னால் கோபப்படுவீர்கள், சொல்லவில்லை.

முதலில் ஹெல்மெட். முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட் என்றால் கண்ணாடியின் காது கம்பி மெல்லிசாக, நேராக, தட்டையாக இருக்க வேண்டும். தடித்த கம்பியோ காதுக்குப் பின்னால் நன்றாக வளைந்து இறங்குகிற கம்பியோ ஹெல்மெட்டுக்குள் நுழையாது, நுழைத்தாலும் பொட்டில் அழுத்தி டின் ஃபேக்டரி போவதற்குள் தலை விண் விண் என்று தெறிக்கும். கடைக்கு வரும்போது ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், போட்டுப் பார்த்து வாங்குங்கள். எந்தக் கடைக்காரனும் தப்பாக நினைக்க மாட்டான், நினைத்தால் வேறு கடை.

லென்ஸ் பாலிகார்பனேட். கல் தெறித்தாலும் சில்லாக உடைந்து கண்ணுக்குள் போகாது. ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடி லென்ஸ் வேண்டவே வேண்டாம். நிறம் சாம்பல் அல்லது பிரவுன். சாம்பல் எல்லா நிறத்தையும் உள்ளபடி காட்டும். பிரவுன் பள்ளம் மேட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், நம் ஊர் ரோட்டுக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

எவ்வளவு கறுப்பு என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. காது கம்பியின் உள்பக்கத்திலோ தொங்குகிற அட்டையிலோ "கேட் 3" (Cat. 3), அதாவது மூன்றாம் வகை என்று போட்டிருக்கும். 0 முதல் 4 வரை உண்டு. 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும், பகல் வெயிலுக்கு அதுதான் சரி. 2 கொஞ்சம் வெளிறியது, மூட்டமான நாளுக்கு. 4 பனிமலைக்கும் அந்த மாதிரி இடங்களுக்கும் செய்தது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

போலரைஸ்டு வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எதிர் பஸ் கண்ணாடியில், கார் பானெட்டில், ஈர ரோட்டில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை அது வெட்டும், காருக்கு அருமை. பைக்குக்கு எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ரோட்டில் சிந்திய ஆயிலோ தண்ணீரோ பளபளப்பதை வைத்துத்தானே தூரத்திலேயே பிரேக் மேல் கால் வைக்கிறோம், அந்தப் பளபளப்பையே இது விழுங்கிவிடும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சில சமயம் வானவில் மாதிரி திட்டுத் திட்டாகவும் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை, போட்டுப் பழகிவிட்டு மழையில் ஓட்டுங்கள்.

இருட்டினதும் கழற்றிவிடுங்கள். ஆறரைக்குக் கிளம்பி ஏழரைக்கும் கே.ஆர். புரம் தொங்கு பாலத்தைத் தாண்டாமல் நிற்கிறவர்கள் கூலிங் கிளாஸோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பைக்கில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உருண்டை முகம், கன்னம் கொஞ்சம் உப்பல். உருண்டை முகத்துக்குச் சதுர ஃப்ரேம், சதுர முகத்துக்கு உருண்டை ஃப்ரேம் என்கிறார்களே, அது நிஜமா?
*வாசகர், ஜீவன்பீமா நகர்*

ஓரளவுக்கு நிஜம். உருண்டை முகத்தில் உருண்டைக் கண்ணாடி போட்டால் வட்டத்துக்குள் வட்டம் வரைந்த மாதிரி ஆகும், மூலை இருக்கிற ஃப்ரேம் அதைக் கொஞ்சம் உடைக்கும். ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் முகவடிவம் பொருந்தவில்லை என்று கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் ஒருவர்கூட இல்லை. மூக்கில் நிற்கவில்லை என்று வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மூக்கை.

வீட்டில் இப்போது போடுகிற, வசதியாக இருக்கிற கண்ணாடி ஏதாவது இருந்தால் அதன் காது கம்பியின் உள்பக்கத்தைப் பாருங்கள். 52, ஒரு குட்டிச் சதுரம், 18, அப்புறம் 140 என்கிற மாதிரி எண்கள் பொடியாக அச்சாகியிருக்கும். 52 ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் உட்காருகிற பாலத்தின் அகலம், 140 காது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டர். இதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆன்லைனில் வாங்கும்போது பாதிக் கஷ்டம் தீர்ந்தது. நம் ஆட்களில் நிறைய பேருக்கு மூக்கு நன்றாகப் பரந்து, கண்களுக்கு நடுவே தாழ்ந்து இருக்கும். 16, 17 பாலம் கொண்ட, மூக்கோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டிக் ஃப்ரேம் நுனியிலேயே நின்றுவிடும், இல்லையென்றால் வியர்த்ததும் வழுக்கி இறங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மெட்டல் ஃப்ரேமில் தனியாகத் தொங்குகிற நோஸ் பேட் இருப்பது நல்லது, கடைக்காரன் இடுக்கியால் வளைத்து உங்கள் மூக்குக்குத் தகுந்த மாதிரி வைத்துவிடுவான்.

கடையில் போட்டதும் கண்ணாடியில் அழகு பார்க்காதீர்கள், முதலில் சிரியுங்கள். நன்றாக, பல் தெரிய. உப்பின கன்னம் என்கிறீர்கள், சிரிக்கும்போது கன்னம் ஃப்ரேமைத் தூக்கினால் லென்ஸ் உயரம் உங்களுக்கு அதிகம். அப்புறம் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி தலையை ஆட்டுங்கள், விழக்கூடாது. கண்ணை வேகமாகக் கொட்டுங்கள், இமை முடி லென்ஸில் இடிக்கக்கூடாது. இடித்தால் ஒரு வாரத்தில் லென்ஸில் எண்ணெய்க் கோடு விழும். இத்தனையும் செய்த பிறகு எதிரே நிற்கிறவரிடம் அழகாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். நம் நிறத்துக்கு, என் அபிப்பிராயம் இது, தங்க நிற மெல்லிய ஃப்ரேமும் பிரவுன் லென்ஸும் போல எடுப்பது எதுவுமில்லை. கறுப்புதான் வேண்டும் என்று வருகிற பத்துப் பேரில் நாலு பேரை இதைக் காட்டி மாற்றியிருக்கிறேன்.

ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். போலரைஸ்டு கண்ணாடி வாங்கினேன், போட்டால் மேப் பார்க்கிற போன் கறுப்பாகத் தெரிகிறது. கண்ணாடி டூப்ளிகேட்டா? நைட் டிரைவிங்குக்கு மஞ்சள் கண்ணாடி நல்லது என்கிறார்களே?
*வாசகர், ஹெப்பாள்*

டூப்ளிகேட் இல்லை அண்ணா, அதுதான் அசல் என்பதற்கு அத்தாட்சி. போலரைஸ்டு லென்ஸ் ஒரு திசையில் அதிர்கிற வெளிச்சத்தை மட்டும் விடும், குறுக்கே வருவதைத் தடுக்கும். ரோட்டில் பட்டுத் தெறிக்கிற கூச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது, அதனால் அது கட். போன் திரையும் ஒரே திசையில்தான் வெளிச்சம் விடுகிறது. இரண்டு திசையும் குறுக்கே வந்துவிட்டால் திரை இருட்டு. போனை நட்டமாகவோ படுக்கையாகவோ திருப்பி மாட்டிப் பாருங்கள், ஒன்றில் தெரியும். கடையில் போலரைஸ்டு நிஜமா என்று பார்க்கவும் இதே வித்தைதான். கண்ணாடியைப் போன் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள், ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டால் நிஜம். எவ்வளவு திருப்பியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் வெறும் கறுப்பு லென்ஸ்.

இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் போலரைஸ்டு கண்ணாடி போட்ட வாரம், ஒரு பெட்ரோல் பங்கில் போய் "மெஷின்ல நம்பரே எரியல, எப்படிப்பா நம்பி போடறது" என்று சத்தம் போட்டேன். பின்னால் நாலு வண்டி ஹாரன். பம்ப் பிடித்திருந்த பையன் என்னைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், "அண்ணா, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க" என்றான். கழற்றினேன், ஜீரோ ஜீரோ என்று அழகாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மஞ்சள் கண்ணாடி வேண்டாம். எதிர் லைட்டின் கூச்சம் குறைந்த மாதிரி ஒரு நிம்மதி தரும், ஆனால் உள்ளே வருகிற வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. இரவில் இருட்டு உடுப்போடு ரோட்டைக் கடக்கிறவனைப் பார்க்க உங்களுக்கு இருக்கிற எல்லா வெளிச்சமும் வேண்டும். இரவுக் கூச்சம் தாங்க முடியவில்லை என்றால் முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், கண்ணையும் ஒரு தடவை டெஸ்ட் செய்யுங்கள். கொஞ்சம் பவர் இருந்து நாம் கவனிக்காமல் விட்டாலும் எதிர் லைட் சிதறித் தெரியும். பகலில் மேக்ரி சர்க்கிள் அண்டர்பாஸில் இறங்கும்போது மட்டும் கூலிங் கிளாஸைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள், அந்த முதல் இரண்டு விநாடி இருட்டுதான் ஆபத்து.

வெயிலில் தானாகக் கறுக்கிற ஃபோட்டோகுரோமிக் பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன். காருக்குள் கறுக்கவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், கோரமங்களா*

ஏமாற்றவில்லை, விற்கும்போது சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த லென்ஸைக் கறுக்க வைப்பது வெளிச்சம் இல்லை, யூவி. காரின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, யூவியை அதுவே தடுத்துவிடுகிறது. லென்ஸுக்குச் சேதி போய்ச் சேருவதில்லை. இறங்கி நடந்தால் கறுக்கும். அதிகமாகக் கார் ஓட்டுகிறவர் என்றால் காருக்கென்று தனியாக ஒரு பவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வதுதான் வழி. பக்கக் கண்ணாடி இப்படி ஒட்டியது இல்லை, பெரும்பாலும் ஓரளவு யூவியை விடும், அதனால் காருக்குள் இருக்கிறோம் என்று முழுக்க அலட்சியமும் வேண்டாம்.

எனக்கு மைனஸ் நாலரை. முகத்தைச் சுற்றி வளைந்து வருகிற ஸ்போர்ட்ஸ் கூலிங் கிளாஸ் மேல் ஆசை. பவர் போட முடியுமா?
*வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி*

ஆசையைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். வளைந்த ஃப்ரேமில் அந்தப் பவரைச் சாதாரணமாக வெட்டிப் போட்டால் ஓரத்தில் எல்லாம் சாய்ந்து தெரியும், படி இறங்கப் பயமாக இருக்கும். மைனஸ் பவர் ஓரத்தில் தடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும், லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தடிமன். தட்டையான, 50க்கு மேல் போகாத ஃப்ரேம் எடுங்கள், மெல்லிசாக வருகிற 1.67 லென்ஸில் சாம்பல் சாயம் போடச் சொல்லுங்கள். செலவு வேண்டாம் என்றால் பவர் கண்ணாடி மேலேயே காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற கிளிப் கூலிங் கிளாஸ் இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் வாத்தியார் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பழக்கம் உண்டு என்றால் எந்த வளைந்த கண்ணாடியும் உங்களுக்குத்தான்.

ரேபான் ஒரிஜினல் வாங்குவதா, ஃபர்ஸ்ட் காப்பி வாங்குவதா? லென்ஸ் மூலையில் எழுத்துப் பொறித்திருந்தால் ஒரிஜினல்தானே?
*வாசகர், பானஸ்வாடி*

பொறிக்கிற மெஷின் காப்பி அடிக்கிறவனிடமும் இருக்கிறது, அதை நம்பாதீர்கள். ரேபான் அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனி ஆரம்பித்த பிராண்டு. உயரத்தில் பறக்கிற விமானிகளுக்குக் கண் கூசாமல் இருக்க ஒரு கண்ணாடி வேண்டும் என்ற தேவையில் பிறந்து, 1937இல் ஏவியேட்டர் என்று கடைக்கு வந்தது. அந்த நீர்த்துளி வடிவம் சும்மா ஸ்டைலுக்கு வைத்தது இல்லை, விமானி கீழே குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் லென்ஸ் கண்ணை மறைத்தே இருக்க வேண்டும் என்பதற்கு. வேஃபேரர் 1952. கம்பெனி 1999இல் இத்தாலியின் லக்ஸோட்டிகா கைக்குப் போய்விட்டது. அவர்களுடைய பேர்போன பச்சை லென்ஸ் ஜி-15, அதில் 15 என்பது 15 சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்ற கணக்கு, மேலே சொன்ன கேட் 3க்குள் அழகாக உட்காருகிறது பாருங்கள்.

பணம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றால் பில் தருகிற கடையில் ஒரிஜினல் வாங்குங்கள், பத்து வருஷம் உழைக்கும். பணம் இல்லை என்றால் ஃபர்ஸ்ட் காப்பிக்கு 800 ரூபாய் கொடுப்பதுபோல ஒரு முட்டாள்தனம் இல்லை. அதில் நீங்கள் காசு கொடுப்பது அந்த எழுத்துக்கு, லென்ஸுக்கு இல்லை. அதற்கு மேல் கொஞ்சம் போட்டால் டைட்டனின் ஃபாஸ்ட்ராக், லென்ஸ்கார்ட்டின் வின்சென்ட் சேஸ் மாதிரி சொந்தப் பெயரில் விற்கிற, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிற கண்ணாடி கிடைக்கும்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மூன்று மாதமாகக் கழற்றவே மாட்டேன் என்கிறார், வீட்டுக்குள்ளும் அதுதான்.
*வாசகி, முருகேஷ்பாளையா*

அந்தக் கண்ணாடி ஆபரேஷன் ஆன கண்ணில் கை படாமல், தூசி விழாமல், கூசாமல் இருப்பதற்குக் கொடுப்பது, ஆயுள் சந்தா இல்லை. எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள், மூன்று மாதமாகியும் வீட்டுக்குள்ளேயே கூசுகிறது என்றால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாம் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஐயாவுக்கு வெளியே போக நல்ல பிரவுன் கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கிக் கொடுத்து அதோடு பேரம் பேசுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஆண்ட மாநிலத்துக்காரர்கள் நாம், எம்.ஜி.ஆரையும் கலைஞரையும் பார்த்து வளர்ந்தவரிடம் கண்ணாடியைக் கழற்று என்றால் அவ்வளவு சுலபமாகக் கழற்றுவாரா?

மெட்ராஸ் ஐ வந்தவர் கூலிங் கிளாஸ் போட்டால் மற்றவர்களுக்குப் பரவாதா?
*வாசகர், ஓசூர்*

பார்த்தால் பரவுகிற நோய் இல்லை அது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை வழியாகப் பரவும். கண்ணாடி அவருக்குக் கூச்சத்தைக் குறைக்கும், கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் தடுக்கும். அவர் கண்ணாடியை வாங்கி நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

கண்ணாடியை ஸ்டைலாகச் சுழற்றிப் போட்டுப் போட்டு ஒரு பக்கம் லூஸாகிவிட்டது. சரி செய்ய முடியுமா?
*கல்லூரி மாணவர், சிவாஜிநகர்*

இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கிழித்தவர் சினிமாவுக்குப் போய்ச் சுழற்றினார், அதற்குப் பிறகு எங்கள் தொழிலுக்கு ஸ்க்ரூ வியாபாரம் குறையவே இல்லை. கொண்டுவாருங்கள், பெரும்பாலும் ஸ்க்ரூவை முறுக்கினால் போதும். ஒரு கையால் கழற்றுவதை நிறுத்துங்கள், அதுதான் கம்பியைக் கோணலாக்குகிறது. சட்டை நுனியால் துடைப்பதையும் நிறுத்துங்கள், நம் ஊர் தூசியோடு தேய்த்தால் உப்புத்தாள் வேலை செய்யும். குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு விரலால் தடவி அலசி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். காரின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், மேல்பூச்சு வெடித்து வலை பின்னின மாதிரி ஆகிவிடும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

நாலு மாதத்தில் மூன்று கண்ணாடி தொலைத்துவிட்டேன். ஒன்று பி.எம்.டி.சி. பஸ்ஸில், ஒன்று பரோட்டாக் கடையில், மூன்றாவது எங்கே என்றே தெரியவில்லை. அடுத்தது எந்த விலையில் வாங்கலாம்?
*வாசகர், காக்ஸ் டவுன்*

மூன்றாவது தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள், என் கடையிலேயே இரண்டு பேர் அப்படித் தேடியிருக்கிறார்கள். இல்லை என்றால் 500 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். யூவி மெஷினில் வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கழுத்துக் கயிறும் சேர்த்து. கயிறு 40 ரூபாய்.